நெருப்பு பிறக்கும் இடம்



இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்று என் மேசையிலேயே தங்கிவிட்டது. ஹட்டனில் சிறிய கராஜ் நடத்தும் வாசகர் ஒருவர் எழுதியது. "ஆசிரியர் ஐயா, என்னுடைய மகன் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கிறான். இனி என்ஜினுக்குப் பிளக்கே தேவையில்லையாம், லேசர் வெளிச்சத்தைப் பாய்ச்சியே பெற்றோலைப் பற்றவைக்கிறார்களாம். நம்புவதா விடுவதா தெரியவில்லை. வெளிச்சத்துக்கு அவ்வளவு சூடு உண்டா? நீங்கள் விசாரித்து எழுதினால் எங்கள் வீட்டு வாக்குவாதம் தீரும்."

மகன் சொல்வது உண்மை. அப்பாவின் சந்தேகத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த மாதப் பக்கத்தை முழுவதுமாக அந்த வீட்டுக்கே எழுதுகிறேன். மற்ற வாசகர்களும் கூட உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது என் ஆசை. நம்முடைய மலைகளில் வீதிக்கு நான்கு முச்சக்கர வண்டிகள் நிற்கின்றன. கவ்வாத்து மெசினும் கொழுந்து பறிக்கும் மெசினும் தோட்டத்துக்குள் வந்துவிட்டன. என்ஜினோடு வாழ்கிறவர்கள் நாம். அதன் நெஞ்சுக்குள் தீ எப்படிப் பிறக்கிறது என்பது நம்முடைய விஷயமும்தான்.

முதலில் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குகிறேன். பெற்றோலும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் போகின்றன. பிஸ்டன் மேலே வந்து அதை நெருக்குகிறது. நெருக்கி முடிக்கும் தறுவாயில் பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பொறி பாய்கிறது. அந்த இடைவெளி ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை. அதைத் தாண்டிப் பொறி பாய்வதற்கு கொயில் பத்தாயிரக் கணக்கான வோல்ட்டை உண்டாக்கிக் கொடுக்கிறது. பொறி பட்ட இடத்தில் மிளகளவு தீக்கரு ஒன்று உருவாகி, அங்கிருந்து தீ சிலிண்டர் முழுவதும் பரவுகிறது. பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது, வண்டி ஓடுகிறது.

இதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. பிளக் சிலிண்டரின் சுவரில்தான் இருக்க முடியும். ஆகவே தீ எப்போதும் ஓர் ஓரத்தில் பிறந்து மறு ஓரத்துக்கு நடந்து போக வேண்டும். அத்தோடு, பிறந்த தீக்கருவைச் சுற்றி இருப்பது இரும்பும் நிக்கலும். உலோகம் சூட்டை உறிஞ்சும். கலவையில் பெற்றோல் தாராளமாக இருந்தால் தீக்கரு அதைத் தாங்கிக்கொண்டு வளர்ந்துவிடும். பெற்றோல் குறைந்து காற்று கூடிய கலவையில் அது முளையிலேயே அணைந்துபோகும். லயத்து வீட்டில் ஆடி மாத மழையில் ஈர விறகை மூட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர்ந்த அடுப்புக் கல்லை ஒட்டி வைத்த நெருப்பு அவிந்துவிடும். விறகுக்கு நடுவே வைத்த நெருப்பு பிடித்துக்கொள்ளும்.

என்ஜின் செய்கிறவர்களுக்கும் இது நெடுநாளாகத் தெரியும். நம்முடைய இளைஞர்கள் ஆசையாக ஓட்டும் பஜாஜ் பல்சரை எடுத்துப் பாருங்கள். 2003 இல் வந்த மாதிரியில் ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைத்தார்கள். 2012 இல் வந்த 200 என்.எஸ். மாதிரியில் அது மூன்றானது. ஒரு சிலிண்டருக்கு எதற்கு மூன்று பிளக் என்று கேட்டால் விடை இதுதான்: தீ ஒரே ஓரத்தில் பிறந்தால் போதாது, பல இடங்களில் பிறந்தால் வேகமாகவும் முழுமையாகவும் எரியும். ஆனால் மூன்று பிளக்கும் சுவரில்தான் நிற்கின்றன. நடுவில் தீ வைக்க வேண்டுமானால் உலோகம் இல்லாமல் அந்த இடத்துக்குப் போகக்கூடிய ஒன்று வேண்டும். வெளிச்சம் போகும்.

இப்போது அப்பா கேட்ட கேள்வி: வெளிச்சத்துக்கு அவ்வளவு சூடு உண்டா?

சாதாரண வெளிச்சத்துக்கு இல்லை. லேசரின் வெளிச்சத்தையும் அப்படியே விட்டால் கலவையின் ஊடாகப் போய் மறுபக்கச் சுவரில் படும், தீப்பிடிக்காது. சூட்சுமம் இரண்டு விஷயங்களில் இருக்கிறது. ஒன்று, நேரத்தைச் சுருக்குவது. மற்றது, இடத்தைச் சுருக்குவது. ஒரு கிராம் எடையை ஒரு மீற்றர் உயரம் தூக்குவதற்கு எவ்வளவு சக்தி வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் ஒரு லேசர் துடிப்பில் இருக்கிறது. சுமார் 10 மில்லிஜூல். பிளக் பொறிக்குச் செலவாகும் சக்தியோடு ஒப்பிட்டால் இது அதிகமும் இல்லை. ஆனால் அந்தச் சக்தி முழுவதும் ஒரு செக்கனின் பத்துக் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் வெளியே வருகிறது. கணக்குப் போட்டால் அந்தக் கணத்தில் அதன் வலு ஒரு மெகாவோட். அதை ஒரு வில்லையால் மில்லிமீற்றரின் நூறில் சில பங்கு அகலமுள்ள புள்ளியில் குவிக்கிறார்கள்.

அந்தப் புள்ளியில் வாயு வாயுவாக இருக்க முடியாது. அணுக்களிலிருந்து ஓரிரு இலத்திரன்கள் முதலில் பிய்ந்து வெளியே வருகின்றன. அவை வெளிச்சத்தின் சக்தியை உறிஞ்சி வேகமெடுத்து மற்ற அணுக்களை மோதுகின்றன, மேலும் இலத்திரன்கள் பிய்கின்றன, அவையும் மோதுகின்றன. துடிப்பு முடிவதற்குள் அந்த இடம் பிளாஸ்மாவாகிவிடுகிறது. சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான, கண்ணைப் பறிக்கும் வெள்ளைப் புள்ளி, அந்தரத்தில் தொங்குவதுபோல. மின்னலுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான். அதிலிருந்து ஓர் அதிர்ச்சி அலை புறப்பட்டுப் போகிறது. பிளாஸ்மா ஆறியதும் மிஞ்சுவது ஒரு தீக்கரு. அதைச் சுற்றி இரும்பில்லை, நிக்கலில்லை. எல்லாப் பக்கமும் எரியக் காத்திருக்கும் கலவை மட்டும்.

செவ்வாய்க் கிரகத்தில் 2012 இல் இறங்கிய கியூரியோசிட்டி ஊர்தி சில மீற்றர் தொலைவிலிருந்தே பாறைகளில் லேசர் அடித்துப் பொறி கிளப்பி, அந்தப் பொறியின் நிறங்களைப் பார்த்துப் பாறையில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறது. அங்கே நடப்பதும் இதே வேலைதான். மகன் இதையும் தேடிப் படிக்கட்டும்.

பற்றவைப்பதற்கு மனிதன் பட்ட பாடு ஒரு நீண்ட கதை. பிரான்சில் லெனுவார் 1860 இல் செய்த வாயு என்ஜினிலேயே மின்பொறி இருந்தது. ஆனால் நம்பத் தக்கதாக இல்லை. 1876 இல் ஜெர்மனியில் ஓட்டோ நான்கு வீச்சு என்ஜினைச் செய்தபோது மின்சாரத்தை விட்டுவிட்டு, ஒரு சிறிய சுவாலையைத் திறப்பு வழியாக உள்ளே காட்டிப் பற்றவைத்தார். டைம்லர் 1880களில் ஒரு குழாயை வெளியிலிருந்து செந்நிறமாகச் சுடவைத்து அதனால் பற்றவைத்தார். காற்றடித்தால் சுவாலை அணைந்துவிடும், குழாய் ஆறிவிடும். 1897 இல் ரொபர்ட் பொஷ் தன்னுடைய மெக்னீட்டோவை முதன்முதலாக ஒரு வாகனத்தில் பூட்டிக் காட்டினார். அந்த வாகனம் எது தெரியுமா? டி டியோன்-பூட்டோன் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் மூன்று சக்கர வண்டி. ஹட்டன் மல்லியப்புச் சந்தியில் வரிசையாக நிற்கும் நம்முடைய வண்டிகளின் மூதாதை ஒன்றில்தான் அந்த வரலாறு தொடங்கியது என்று நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பொஷ்ஷிடம் வேலை செய்த கொட்லொப் ஹொனோல்ட் 1902 இல் உயரழுத்த மெக்னீட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்தார். அன்றைய பிளக்கை இன்று உங்கள் கராஜ் மேசையில் வைத்தால் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வீர்கள். நூற்றிருபது வருடங்களுக்கு மேலாக அதன் உருவம் அவ்வளவு குறைவாகத்தான் மாறியிருக்கிறது.

லேசரின் கதை 1960 இல் அமெரிக்காவில் தியோடர் மைமன் மாணிக்கக் கல்லை வைத்துச் செய்த முதல் லேசரோடு தொடங்குகிறது. இரத்தினபுரி மாணிக்கம் அல்ல, ஆய்வுகூடத்தில் வளர்த்தது. மூன்றே வருடத்தில், குவித்த லேசரால் வெறும் காற்றிலேயே பொறி கிளப்பலாம் என்று காட்டிவிட்டார்கள். 1978 இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழகத்தில் டேலும் கூட்டாளிகளும் ஒரு பெற்றோல் என்ஜினை உண்மையிலேயே லேசரால் ஓட்டினார்கள். காபனீரொட்சைட்டு லேசர் அது. என்ஜினைவிட லேசர் பெரிதாக இருந்த காலம். பெற்றோல் மிகக் குறைந்த கலவையும் எரிந்தது என்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். ஆனால் அந்தப் பெட்டியை எந்த வண்டியில் ஏற்றுவது?

அதன்பிறகு பல வருடங்கள் எல்லாருடைய தலைவலியும் ஒன்றுதான்: லேசரை எப்படிச் சிறிதாக்குவது? லேசரை வெளியே வைத்துவிட்டு, கண்ணாடி இழை வழியாக வெளிச்சத்தை என்ஜினுக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். முடியவில்லை. அவ்வளவு வலுவான துடிப்பு இழையையே சிதைத்துவிடும். ஆகவே வேறு வழி கண்டார்கள். இழையில் மென்மையான, தொடர்ச்சியான வெளிச்சத்தை மட்டும் அனுப்புவது. பிளக் அளவே உள்ள சின்னஞ்சிறு பளிங்கு ஒன்று என்ஜின் தலையில் உட்கார்ந்து அதை வாங்கிச் சேர்த்து, ஒரே துடிப்பாக வெடித்து அனுப்புவது. ஜப்பானின் ஒக்கசாகியில் உள்ள மூலக்கூற்று விஞ்ஞான நிறுவகத்தில் தக்குனோரி தைரா என்பவரின் குழு இதைப் பளிங்குக்குப் பதிலாகப் பீங்கானில் செய்தது. தூளாக அரைத்து, அழுத்தி, சுட்டு எடுத்த ஒளி ஊடுருவும் பீங்கான். 2011 இல் அவர்கள் காட்டிய லேசரின் குறுக்களவு 9 மில்லிமீற்றர், நீளம் 11 மில்லிமீற்றர். உங்கள் சுண்டுவிரல் நுனி அவ்வளவு இருக்கும். அதிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட கதிர்களை ஒரே நேரத்தில் வெவ்வேறு இடங்களில் குவிக்கவும் அவர்களால் முடிந்தது. மூன்று பிளக் வைத்துச் செய்ய முயன்றதை, சுவரைத் தொடாமல், உள்ளே விரும்பிய ஆழத்தில் செய்யலாம் என்று ஆனது.

பிறகு பல இடங்களில் வேலை சூடுபிடித்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழகம் போர்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தது. வியன்னாவில் ஏர்ன்ஸ்ட் வின்ட்னரின் குழு சாண வாயு போன்ற, இலேசில் பற்றாத எரிபொருளைக்கூட லேசரால் பற்றவைத்துப் பார்த்தது. ருமேனியாவின் தலைநகர் புக்கரெஸ்டுக்குப் பக்கத்தில் உள்ள ஆய்வு நிலையத்தில் நிக்கொலாயே பவெல் குழுவினர் சாதாரண ரெனோ காரின் நான்கு சிலிண்டர் பெற்றோல் என்ஜினில் நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு லேசர்களைப் பூட்டி ஓட்டி, 2015 இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்கள்.

நமக்கு மிகவும் பக்கத்தில் இதைச் செய்கிறவர்கள் இந்தியாவில், கான்பூர் ஐ.ஐ.டி.யில் இருக்கிறார்கள். பேராசிரியர் அவினாஷ் குமார் அகர்வாலின் என்ஜின் ஆராய்ச்சி ஆய்வுகூடம், ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் இயற்கை வாயு, ஐதரசன், இரண்டும் கலந்த எரிபொருள் ஆகியவற்றை லேசரால் பற்றவைத்து ஆராய்ந்தது. 2016 இல் அவருக்கு சாந்தி சுவரூப் பட்னாகர் விருது கிடைத்தது. இவர்களுடைய வேலையில் ஐதரசன் பகுதி எனக்கு விசேஷமாகப் படுகிறது. ஐதரசன் மிகச் சிறிய சக்தியிலேயே பற்றிக்கொள்ளும். அதனால் வரும் ஆபத்து இது: பிளக் முனை சூடேறிச் சிவந்திருந்தால், பொறி பாய்வதற்கு முன்னமே அந்தச் சூட்டில் ஐதரசன் பற்றிக்கொண்டு பின்னுக்கு வெடிக்கும். லேசரில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் முனை ஒன்றும் இல்லை. புகைக்குப் பதிலாகத் தண்ணீரை வெளியே விடும் என்ஜினுக்கு இந்தப் பற்றவைப்பு பொருத்தமாக அமைவது தற்செயல் அல்ல.

ஏன் இவ்வளவு பேர் இதில் மினக்கெடுகிறார்கள்? குறைந்த பெற்றோலில் கூடிய வேலை வாங்குவதற்கு. காற்று கூடிய, பெற்றோல் குறைந்த கலவையை எரித்தால் சூடு குறைவு. சூடு குறைந்தால் நைதரசன் ஒட்சைட்டுகள் என்ற நச்சுப் புகையும் குறையும். ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: பெற்றோலைக் குறைக்காமல், இருக்கிற கலவையிலேயே லேசரைப் போட்டால் எரிதல் நன்றாக நடந்து சூடு கூடும், அந்தப் புகை கூடவும் செய்யும். லேசரின் பலன் மெலிந்த கலவையை எரிப்பதில்தான் இருக்கிறது.

மெலிந்த கலவையிலும் போதிய வலு வேண்டுமானால் அதை இன்னும் கூடுதலாக நெருக்க வேண்டும். நெருக்கம் கூடக் கூட, பிளக்கின் இடைவெளியைத் தாண்டுவதற்குக் கூடிய வோல்ட் வேண்டும். முனைகள் வேகமாகத் தேயும். லேசருக்கு நேர்மாறு. நெருக்கம் கூடினால் அந்தப் புள்ளியில் மோதுவதற்கு அதிக அணுக்கள் இருக்கும், குறைந்த சக்தியிலேயே பிளாஸ்மா பிறக்கும். பிளக்குக்குக் கஷ்டமாகும் இடத்தில் லேசருக்கு வேலை இலேசாகிறது. இந்தப் பொறியியலில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த ஒரு விஷயம்.

இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உடனே நம் மலை நினைவுக்கு வந்தது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பிலிருந்து ஏறிவரும் வண்டி இரம்பொடை வளைவுகளில் மூச்சுத் திணறுவதற்கு ஏற்றம் மட்டும் காரணமல்ல. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைந்துவிடுகிறது. வலுவிலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. காபுரேட்டர் வைத்த பழைய வண்டிகளில் இன்னொன்றும் நடக்கும். காற்று மெலிந்தாலும் காபுரேட்டர் அதற்குத் தக்கபடி பெற்றோலைக் குறைப்பதில்லை. கலவையில் பெற்றோல் மிஞ்சிவிடும். மிஞ்சிய பெற்றோல் கரியாகிப் பிளக்கில் படியும். கீழ்நாட்டிலிருந்து வந்த வண்டிக்குப் பிளக் கறுத்துப்போவதை நம் கராஜ்களில் பார்த்த பாஸ்மார், கழற்றிப் பெற்றோலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இடைவெளியைச் சரிபார்த்துப் போடுவார்கள். வளிமண்டல இயற்பியலைக் கையால் படித்தவர்கள் அவர்கள்.

இந்த மெல்லிய காற்றில் லேசர் எப்படி வேலை செய்யும்? நான் மேலே சொன்னதைத் திருப்பிப் பாருங்கள். அழுத்தம் குறைந்தால் பிளக் பொறி இலகுவாகப் பாயும், லேசருக்குத்தான் கூடிய சக்தி வேண்டும். அதாவது சமவெளியில் லேசருக்கு இருக்கும் அந்த ஒரு அனுகூலம் மலையேறும்போது கொஞ்சம் குறைகிறது. டேர்போ பூட்டிக் காற்றை வலிந்து உள்ளே தள்ளும் என்ஜினில் அந்தக் குறையைச் சரிக்கட்டலாம். எங்கள் பக்கத்து உயரத்தை ஒரு குறையாக நினைக்காமல், ஒரு பரிசோதனைக் கூடமாக நினைத்துப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணத்துக்குள் கடல் மட்டம் முதல் 1,898 மீற்றரில் இருக்கும் பட்டிப்பொலை ரயில் நிலையம் வரை எல்லா அழுத்தமும் கிடைக்கிற நாடு இது.

கரி லேசரையும் விடுவதில்லை. வெளிச்சம் சிலிண்டருக்குள் போவதற்கு ஒரு சாளரம் வேண்டும். நீலக்கல்லைப் போன்ற கடினமான பளிங்கால் அதைச் செய்கிறார்கள். உள்ளே எரியும் எண்ணெயும் கரியும் அந்தச் சாளரத்தில்தான் படியும். படிந்தால் வெளிச்சம் மறையும். ஆனால் வலுவான துடிப்பு தன் வழியில் படிந்த கரியைத் தானே சுட்டுத் துடைத்துக்கொள்ளும் என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். என்றாலும் ஆயிரக்கணக்கான மணித்தியாலம் ஓடும் என்ஜினில் சாளரம் தெளிவாக இருக்குமா, என்ஜினின் சூட்டிலும் அதிர்விலும் லேசர் நிலைகுலையாமல் இருக்குமா என்பவைதான் இன்னும் தீராத கேள்விகள். இவற்றோடு விலை. ஒரு பிளக்கை நீங்கள் சில நூறு ரூபாவுக்கு வாங்கிவிடுகிறீர்கள். லேசர் அந்த விலைக்கு அருகில்கூட வரவில்லை.

ஆகவே கராஜ் வாசகருக்கு நேரடியாகச் சொல்கிறேன். நாளைக்கே உங்கள் வாசலுக்கு லேசர் பூட்டிய முச்சக்கர வண்டி வராது. இந்தத் தொழில்நுட்பம் முதலில் போகக்கூடிய இடம் இயற்கை வாயுவில் இராப்பகலாக ஓடி மின்சாரம் தரும் பெரிய என்ஜின்கள். அங்கே பிளக் தேய்ந்து மாற்றுவதற்காக என்ஜினை நிறுத்துவது பெரிய செலவு. அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வுகூடம் அப்படிப்பட்ட என்ஜின்களுக்காகத்தான் இதில் வேலை செய்தது. நம் பக்கம் ஓடும் பஸ், லொறி, மலைநாட்டு ரயில், ஸ்டோரில் கரண்ட் போனால் உறுமும் ஜெனரேட்டர் எல்லாம் டீசல். காற்றை நெருக்கிய சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்வதால் அவற்றுக்குப் பிளக் பொறியே கிடையாது, லேசருக்கும் அங்கே வேலையில்லை. முச்சக்கர வண்டியிலோ, லேசர் மலிவாவதற்கு முன்னமே பற்றரி வந்து உட்கார்ந்துவிடக்கூடும். அப்படி நடந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஐதரசனிலும் சாண வாயுவிலும் ஓடும் என்ஜின்களுக்கு இந்த வேலை வீணாகப் போகாது என்று நம்புகிறேன்.

ஒரு பாதுகாப்புக் குறிப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த லேசர்கள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்தில் வேலை செய்கின்றன. பிளக்கைக் கழற்றி வெளியே வைத்துப் பொறி வருகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு. லேசரில் அதைச் செய்தால் கண் போய்விடும். எந்தக் காலத்தில் அது நம் கைக்கு வந்தாலும் இதை மறக்கக்கூடாது.

வராத ஒன்றைப் பற்றி ஏன் இவ்வளவு எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். 2022 ஐ நாம் மறக்கவில்லை. இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நின்றோம். கியூ.ஆர். அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்குக் கிழமைக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். கர்ப்பிணிப் பெண்ணைத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்காமல் தவித்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒரு லீற்றரில் எத்தனை கிலோமீற்றர் என்பது அந்த நாட்களில் உயிர் பற்றிய கணக்காக இருந்தது. எரிபொருளைக் கொண்டுவரும் கப்பல் நம் கையில் இல்லை. அதைச் சிக்கனமாக எரிக்கும் அறிவு நம் பிள்ளைகளின் கையில் இருக்கலாம்.

காலம் எடுக்கும் என்பதற்காகக் கைவிட வேண்டியதும் இல்லை. நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் போகிறவர்களுக்கு விமலசுரேந்திர மின் நிலையம் தெரியும். டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர், இந்த மலைகளின் அருவியில் நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918 இல் கட்டுரை வாசித்தார். நுவரெலியாவுக்கும் நானுஓயாவுக்கும் இடையில் பிளக்பூலில் சிறிய நீர்மின் நிலையம் ஒன்றையும் அமைத்துக் காட்டினார். லக்சபானாவில் மின்சாரம் பிறந்தது 1950 இல். முப்பத்திரண்டு வருடங்கள். அந்த நீரும் அணையும் இருந்தது நம்முடைய மஸ்கெலியா, ஹட்டன் பக்கத்தில். அணைகளையும் சுரங்கங்களையும் கட்டுவதில் தோட்டத்துக் கைகளும் உழைத்தன. ஆனால் அந்தப் பொறியியலைப் படிக்கும் வாய்ப்பு அன்றைய லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. என்னை உறுத்துவது அதுதான்.

இன்று நிலைமை முழுக்க அப்படியில்லை. 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு தொடங்கப்பட்டது. கராஜ் வாசகரின் மகன் அதில்தான் படிக்கிறான். ஆனால் எத்தனை தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு அந்தப் பிரிவு உள்ள பாடசாலை பஸ் எட்டும் தூரத்தில் இருக்கிறது? விஞ்ஞான ஆசிரியர் இல்லாமல், ஆய்வுகூடம் இல்லாமல் கலைப் பிரிவுக்குத் தள்ளப்படும் பிள்ளைகளின் பெற்றோர் எழுதும் கடிதங்கள் இந்த அலுவலகத்துக்கு ஓயாமல் வருகின்றன. லேசரும் பிளாஸ்மாவும் கொழும்புப் பிள்ளைகளுக்கான பாடம் என்று நம்மில் யாரும் நினைத்துவிடக்கூடாது. கறுத்த பிளக்கைப் பார்த்தவுடன் கலவையில் பெற்றோல் மிஞ்சிவிட்டது என்று சொல்லத் தெரிந்த தகப்பனின் வீட்டில், இந்த ஆராய்ச்சியின் முதல் பாடம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது.

அந்தத் தம்பிக்கு ஒரு வார்த்தை. அப்பா நம்பவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. அவர் கழற்றும் பழைய பிளக்குகளை எறிய விடாமல் வாங்கி வை. எந்த வண்டி, எந்த ஊர்ப் பாதையில் ஓடியது, எத்தனை கிலோமீற்றரில் கழற்றியது என்று ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டு. காபுரேட்டர் வண்டியா, ஊசியால் பெற்றோல் பாய்ச்சும் புது வண்டியா என்பதையும் எழுது. கினிகத்தேனைக்குக் கீழே ஓடிய வண்டியின் பிளக்கையும் நானுஓயாவுக்கு மேலே ஓடிய வண்டியின் பிளக்கையும் பக்கத்தில் வைத்துப் பார். நிறத்தில் வேறுபாடு தெரிந்தால் படம் பிடித்து எங்களுக்கு அனுப்பு.

மற்றக் கராஜ்களில் இருக்கும் பாஸ்மாரையும் கேட்டுக்கொள்கிறேன். நுவரெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா என எங்கிருந்தாலும் சரி, உயரத்தில் ஓடும் என்ஜின்களைப் பற்றி உங்கள் அனுபவத்தில் தெரிந்ததை எழுதுங்கள். எழுத நேரமில்லை என்றால் வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதச் செய்யுங்கள். இலக்கணம் பார்க்க வேண்டாம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வரும் கடிதங்களைச் சேர்த்து இந்த இதழில் தனிப் பக்கமாக வெளியிடுவோம். உங்கள் ஊர் பெயரோடு வரும்.

அன்புடன்,
ஆசிரியர்